அறிகிற அறிவு

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு குளுவாங் வட்டாரத்தில் நான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை மாணவர்களிடம் தங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் பால்மரம் சீவி ஓய்ந்த தன் தாத்தாவைப் பற்றி எழுதினான். எழுபது வயதைக் கடந்த பின்னும் அவர் "தேவனை அறிகிற அறிவில்" வளர்ந்துவருகிறார் என்பது அவன் எழுதிய தொடர். நான் 'அறிகிற' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, அதன்மேல் 'பற்றிய' என்று எழுதி, ஓரத்தில் 'கூறியது கூறல்' என்று குறித்தேன். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் அது ஒன்றல்லவா? மாணவன் மறுத்துப் பேசவில்லை. பிழை செய்தவன் நானே என்று உணர எனக்குப் பல்லாண்டுகள் ஆயின.

அத்தொடர் அவன் புனைந்ததன்று. அவன் வீட்டு மேசையில் கிடந்த வேதாகமத்தின் வழக்கு. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில், கொலோசெயருக்கு எழுதிய மடலிலும் பேதுருவின் இரண்டாம் மடலிலும், வளர்ச்சியைப் பற்றிய அறிவுரையோடு சேர்ந்து இவ்வாய்பாடு வருகிறது. கிரேக்க மூலத்தில் முன்னதில் 'எபிக்னோசிஸ்' என்னும் சொல்லும் பின்னதில் 'க்னோசிஸ்' என்னும் சொல்லும் உள்ளன. இரண்டிலும் தொடர்ந்து வருவது ஆறாம் வேற்றுமைப் பெயர்.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்க்குச் சிக்கல் எழுகிறது. 'தேவனுடைய அறிவு' என்று நேராகப் பெயர்த்தால், தேவன் பெற்றிருக்கும் அறிவு என்பதே நமக்கு முதலில் தோன்றும். 'ஆசிரியருடைய அறிவு' என்றால் ஆசிரியரிடம் உள்ள அறிவுதானே. ஆசிரியரை நாம் அறிந்திருப்பது அன்று. கிரேக்க ஆறாம் வேற்றுமை இரு பொருளுக்கும் இடம் தரும். தமிழிலோ, தேவனைச் செயப்படுபொருளாக நிறுத்த வேண்டுமாயின் 'ஐ' உருபு வேண்டும். 'அறிவு' என்னும் பெயர் அவ்வுருபை நேரே ஏற்காது. 'தேவனை அறிவு' என்று எவரும் சொல்லார். உருபு கொண்டு முடிய ஒரு வினை தேவை. 'அறிகிற' என்னும் பெயரெச்சம் அவ்வேலையைச் செய்கிறது. ஆகவே அது கூறியது கூறலாகாது.

நான் எழுதிய 'பற்றிய' இலக்கணப்படி வழுவற்றதே. ஆயினும் அது பொருளை வேறிடத்திற்கு நகர்த்திவிட்டது. ஜொகூர் நீரிணையைப் பற்றிய அறிவு நூலகத்தில் கிடைக்கும். அந்நீரில் நாள்தோறும் படகு செலுத்துகிறவர் அதனை அறிகிற அறிவு வேறு. மலாய்மொழி பயிலும் நம் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குவது மிக எளிது. செய்தியை அறிவதற்கு 'தாஹு' என்றும், ஆளை அறிந்து பழகியிருப்பதற்கு 'கெனால்' என்றும் அம்மொழியில் இரு சொற்கள் உண்டு. 1974இல் வெளிவந்த இந்தோனேசிய வேதாகமம், பேதுருவின் அவ்விடத்தில் 'கெனால்' என்பதன் அடியாகப் பிறந்த பெயரையே ஆள்கிறது. எபிரேய மூலத்தின் 'யாதா' என்னும் வினையும் இத்தகையதே. கணவன் மனைவியரின் கூடலைக்கூட அச்சொல் குறிக்கும். ஆதாமைப் பற்றிய பகுதியில் நம் மொழிபெயர்ப்பாளரும் 'அறிந்தான்' என்றே அதனைப் பெயர்த்தனர்.

காலம் காட்டும் இடைநிலையையும் நோக்க வேண்டும். 'அறிந்த அறிவு' முடிந்துபோனது. அதில் வளர என்ன இருக்கிறது? 'அறிகிற' என்பது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நிகழ்காலப் பெயரெச்சம் பொதுவான இயல்பையும் குறிக்குமாதலால், இதன்மேல் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அருகில் 'வளர்' என்னும் வினை நிற்கையில் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

இன்னொரு செய்தி சொற்பிறப்பில் ஈடுபாடுள்ளோர்க்குச் சுவையூட்டும். வடமொழி வழி வந்த 'ஞானம்' என்பதும் கிரேக்க 'க்னோசிஸ்' என்பதும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் தோன்றியவை. இருந்தும் தமிழ் வேதாகமம் பல இடங்களில் 'க்னோசிஸ்' என்பதற்கு 'அறிவு' என்பதையும், 'சோபியா' என்பதற்கு 'ஞானம்' என்பதையும் வைத்தது. என் கணிப்பில் இதற்குக் காரணம் உண்டு. சைவ மரபில் ஞானம், சரியை, கிரியை, யோகம் ஆகியவற்றைக் கடந்த உச்சிப் படி. கத்தோலிக்கரிடையே அச்சொல் ஞானஸ்நானம், ஞானத்தந்தை என்று அடைமொழியாகிவிட்டது. 'அறிவு' அப்படியன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிக் காட்டுவதை நாம் அறிவோம். படிப்படியாக மிகுவது அச்சொல்லுக்குப் புதிதன்று.

கடவுளைச் சுட்டும் பெயரும்கூட இவ்வாறே மாறிவந்துள்ளது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்று எழுதினார். 1772இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பப்ரிசியசு 'பராபரன்' என்றார். பவர் குழுவினர் 'தேவன்' என்றனர். 1995இன் திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. ஒரு சமூகம் தான் வணங்குபவரை அழைக்கவே முந்நூறு ஆண்டுகளாகச் சொல் தேடியிருக்கிறது.

அறிவு இங்கே எதை நோக்கி வளர்கிறது என்பதையும் அம்மடல்களே காட்டுகின்றன. கொலோசெயர் மடல் அவ்வளர்ச்சியை நற்செயல்களாகிய கனியோடு சேர்த்துப் பேசுகிறது. பேதுருவின் மடல் விசுவாசத்தில் தொடங்கும் ஓர் அடுக்கைத் தருகிறது; அதில் அறிவுக்கு மூன்றாம் இடமே. அதன்பின் இச்சையடக்கமும் பொறுமையும் பக்தியும் வந்து, சகோதர நேயத்தையும் அன்பையும் எட்டிய பிறகே அடுக்கு நிற்கிறது. அறிவு செருக்கைத் தரும் என்று பவுல் கொரிந்தியரை எச்சரித்ததும் இதனாலேயே. வேத வசனங்களை மனனம் செய்து ஒப்பிக்கும் போட்டிகளில் பரிசு பெறும் நம் பிள்ளைகளுக்கு இவ்வடுக்கின் மீதிப் பகுதியையும் யாராவது சொல்ல வேண்டும்.

அம்மாணவனின் ஏட்டில், நான் அடித்த தொடருக்கு அடுத்து இன்னொரு தொடர் இருந்தது. அன்று அதனை நான் நின்று படிக்கவில்லை. பிழை இல்லையாதலால் பேனாவும் அங்கே நிற்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பியின் வீட்டிற்கு, அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம், தாத்தா தனியே பேருந்தேறிப் பத்து பகாட் வரை சென்று, அங்கே உணவருந்தி வந்தார் என்று அவன் எழுதியிருந்தான்.