கறுப்பு அங்கி மாட்டிய பிறகும் பாடம் உண்டு!

நெடுங்காட்டுப் பக்கம் ஒரு சிறு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மா நிலம். அதுதான் அவருக்குச் சொத்து, அதுதான் சோறு.

ஒரு நாள் காலையில் கோர்ட்டுச் சேவகர் வாசலில் வந்து நிற்கிறார். கையில் சம்மன். "இந்த நிலம் என்னுடையது" என்று யாரோ பிராது கொடுத்திருக்கிறார்.

விவசாயி பதறிப் போகிறார். காரைக்காலுக்கு ஓடி வக்கீலைப் பார்க்கிறார். வக்கீல் காகிதத்தை வாங்கி மேசையில் வைக்கிறார். "கவலைப்படாதே, வாய்தா வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்.

அந்த இடத்தில்தான் ஆபத்து ஆரம்பமாகிறது!

சிவில் வழக்கில் பிராது கொடுத்தவர் வாதி. பதில் சொல்ல வேண்டியவர் பிரதிவாதி. பிரதிவாதி எழுதிக் கொடுக்கும் பதிலுக்கு எதிர்வழக்குரை என்று பெயர். சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் 90 நாள் வரை கோர்ட்டு இடம் கொடுக்கலாம். 2002-ம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து இதுதான் விதி.

இந்த விதியைப் பற்றிய முக்கியமான வழக்கு எங்கிருந்து போனது தெரியுமா? சேலத்திலிருந்து! சேலம் வக்கீல்கள் சங்கம் டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. 90 நாளுக்குப் பிறகும் மிகவும் கஷ்டமான சந்தர்ப்பத்தில் கோர்ட்டு இரக்கம் காட்டலாம். ஆனால் அதை வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு.

வியாபார வழக்கு என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். 2015-ம் ஆண்டில் வணிக வழக்குகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. அந்த வழக்கில் 120 நாள் தாண்டினால் கதவு சாத்தப்பட்டு விடும். பிறகு எதிர்வழக்குரையை வாங்கவே மாட்டார்கள். 2018-ம் ஆண்டிலிருந்து 3 லட்ச ரூபாய்த் தகராறு கூட இந்தச் சட்டத்துக்குள் வரலாம். பெரிய கம்பெனி மட்டுமல்ல, நெல் மண்டிக்காரரும் இதில் மாட்டிக்கொள்வார்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாத வக்கீல் கெட்டவர் அல்ல. ஒரு காலத்தில் நன்றாகப் படித்தவராகவே இருக்கலாம். ஆனால் அவர் படிப்பு நின்ற இடத்தில் சட்டம் நிற்கவில்லை. அதற்கு விலை கொடுப்பவர் வக்கீல் அல்ல. மூன்று மா நிலத்துக்குச் சொந்தக்காரர்!

ஒரே ஊர், இரண்டு சட்டம்

இந்தப் பாடத்தைக் காரைக்கால் வக்கீல்கள் படித்தது போல வேறு எந்த ஊர் வக்கீல்களும் படித்திருப்பது அரிது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739-ம் ஆண்டில். சுற்றிலும் தஞ்சாவூர்ச் சீமை. நடுவில் பிரெஞ்சுக் கொடி. நாகப்பட்டினத்தில் இங்கிலீஷ் சட்டம். வாஞ்சூரைத் தாண்டினால் பிரெஞ்சுச் சட்டம்!

1819-ம் ஆண்டில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுவை, காரைக்கால் பகுதிகளில் அமலுக்கு வந்தன. கல்யாணம், வாரிசு போன்ற விஷயங்களில் மட்டும் ஜனங்கள் தங்கள் குல வழக்கப்படி நடக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். 1838-ம் ஆண்டில் புதுவையில் சட்டப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பாடம் பிரெஞ்சு, புத்தகம் பிரெஞ்சு, வாதாடுவதும் பிரெஞ்சு.

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்திய சர்க்கார் கைக்கு வந்தது. 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி இணைப்பு முடிந்தது. அதே ஆண்டில் சென்னை ஐகோர்ட்டின் அதிகாரம் புதுவைக்கும் காரைக்காலுக்கும் வந்து சேர்ந்தது.

கொடி ஒரே நாளில் மாறிவிட்டது. சட்டம் அப்படி மாறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சிவில் வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் இந்திய நடைமுறைச் சட்டம் 1968-ம் ஆண்டில்தான் இங்கே வந்தது.

அன்றைக்கு நாற்பது வயது, ஐம்பது வயது ஆன வக்கீல்கள் மறுபடியும் மாணவர்கள் ஆனார்கள்!

யார் கேள்வி கேட்பது?

என்ன மாறியது? முக்கியமாக, சாட்சியை விசாரிக்கும் முறை மாறியது.

பழைய பிரெஞ்சு நடைமுறையில் சாட்சியிடம் கேள்வி கேட்பவர் நீதிபதி. வக்கீல் நேராகக் கேட்க முடியாது. கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் நீதிபதியிடம் சொல்ல வேண்டும், அவர் கேட்பார். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்து வேண்டும். நொத்தேர் முன்னால் எழுதிய பத்திரத்துக்கு மதிப்பு மிக அதிகம்.

இந்திய முறை வேறு. இங்கே எதிராளியின் சாட்சியை வக்கீலே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பிரதிவாதிக்கு அதுதான் பெரிய ஆயுதம். "நீங்கள் அந்தக் கையெழுத்தைப் போடும்போது பார்த்தீர்களா? எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உண்மையை வெளியே கொண்டுவர வேண்டும். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டால் சாட்சி சொன்னதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளக் கூடும்.

இருபது வருஷம் சாட்சியிடம் நேராகப் பேசியே பழகாத ஒருவர், கூண்டுக்கு எதிரே நின்று இதைச் செய்ய வேண்டுமானால் எவ்வளவு பயிற்சி வேண்டும்!

முப்பது வருஷமா, மூன்று வருஷமா?

அடுத்த மாற்றம் காலவரம்பு. கடன் கொடுத்தவர் எத்தனை வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்? பழைய பிரெஞ்சுச் சட்டத்தில் பொதுவான வரம்பு 30 வருஷம். இந்தியச் சட்டத்தில் பிராமிசரி நோட்டுக் கடனுக்கு 3 வருஷம்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிரெஞ்சுச் சட்டத்தில் "காலம் கடந்துவிட்டது" என்று பிரதிவாதிதான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீதிபதி தாமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியச் சட்டத்திலோ பிரதிவாதி சொல்லாவிட்டாலும், காலம் கடந்த வழக்கைக் கோர்ட்டு தள்ளிவிட வேண்டும்.

இந்தப் பகுதிக்கு எந்த வரம்பு என்ற கேள்வி வெகு காலம் ஓயவில்லை. பழைய உள்ளூர் வரம்புச் சட்டங்களை நீக்குவதற்கென்றே 1994-ம் ஆண்டில் ஒரு தனிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. இணைப்பு முடிந்து 32 வருஷம் கழித்து!

அங்கி நிலைத்தது, அறிவு?

பழைய வக்கீல்களின் தொழில் என்ன ஆயிற்று? சர்க்கார் அவர்களைத் தெருவில் விடவில்லை. 1968-ம் ஆண்டில் வழக்கறிஞர் சட்டத்தில் புதுவைக்கென ஒரு தனிப் பிரிவைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே அங்கே தொழில் நடத்தியவர்கள் மனுப் போட்டுச் சென்னை பார் கவுன்சில் பட்டியலில் சேரலாம் என்று அது சொன்னது.

இது நியாயமான ஏற்பாடு. பிழைப்பு போகவில்லை. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள்: அங்கியைச் சட்டம் காப்பாற்றிக் கொடுத்தது, அறிவைக் கொடுக்க அதனால் முடியவில்லை. அதை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

தேடியவர்கள் உயர்ந்தார்கள். புதுவையில் பிரெஞ்சுச் சட்டம் கற்ற டேவிட் அன்னுசாமி, பின்னர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதியானார். இரண்டு சட்டமும் அறிந்தவர் என்று பெயர் பெற்றார். இந்தியாவில் பிரெஞ்சுச் சட்டம் இருந்த கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.

பழையதும் போகவில்லை

புதுச் சட்டம் வந்துவிட்டதே, பழையதை மூட்டை கட்டிவிடலாமா? காரைக்காலில் அதுவும் முடியாது!

1881-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. விரும்பியவர்கள் தங்கள் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்பது உத்தரவு. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர்.

இந்து விவாகச் சட்டமும் வாரிசுச் சட்டமும் இங்கே வந்தபோது, ரெனோன்சான்களுக்கு அவை பொருந்தாது என்று தனியாக எழுதி வைத்தார்கள். ஆகவே பாகப்பிரிவினை வழக்கு வந்தால் இந்த ஊர் வக்கீல் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்கள் பாட்டனார் துறந்தவரா?" அந்த ஒரு பதிலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே மாறிவிடலாம். பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும், அல்லது படிக்கத் தெரிந்தவரையாவது தேட வேண்டும்.

செல்போனும் சாட்சி சொல்லும்

1968-ல் வந்தது போல இன்னொரு மாற்றம் 2024-ம் ஆண்டில் வந்தது. இந்தத் தடவை காரைக்காலுக்கு மட்டுமல்ல, நாடு முழுவதற்கும்.

1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாட்சிய அதினியம் 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. இது கொலை, கொள்ளை வழக்குக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நிலத் தகராறுக்கும் கடன் வழக்குக்கும் இதே சட்டம்தான்.

இப்போது கடன் கேட்பதும் செல்போனில். தருகிறேன் என்பதும் செல்போனில். அந்தச் செய்தியை வாதி கோர்ட்டில் காட்டினால், அதனுடன் ஒரு சான்றிதழ் சேர வேண்டும். புதுச் சட்டப்படி அதற்கு இரண்டு பாகம். முதல் பாகத்தைச் செய்தி கொடுப்பவர் நிரப்ப வேண்டும். இரண்டாம் பாகத்தை விவரம் தெரிந்த நிபுணர் நிரப்ப வேண்டும்.

சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பிரதிவாதி வக்கீலின் வேலை. ஆவணத்துக்கு எண் போடும்போதே ஆட்சேபம் சொல்ல வேண்டும். அப்போது சும்மா இருந்துவிட்டு அப்பீலில் சொன்னால் எடுபடாமல் போகலாம். பழைய பிரிவு எண்ணையே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். 1975-ம் ஆண்டிலேயே வக்கீல்கள் தொடர்ந்து படித்தாக வேண்டும் என்று கட்டாயம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டில் 45 மணி நேரம் பாடம் கேட்க வேண்டும். காரைக்காலுக்கு ஒரு காலத்தில் சட்டம் கொடுத்த பிரான்சிலும் 2004-ம் ஆண்டில் இதைச் சட்டமாக்கினார்கள். அங்கே ஆண்டுக்கு 20 மணி நேரம்.

இந்தியாவில் 2011-ம் ஆண்டிலிருந்து புது வக்கீல்களுக்குப் பார் கவுன்சில் பரீட்சை நடக்கிறது. அதில் ஒரு தடவை தேறினால் போதும். பிறகு ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று நாடு தழுவிய கட்டாயம் இல்லை. கருத்தரங்கும் சொற்பொழிவும் நடத்துவது பார் கவுன்சில்களின் பணிகளில் ஒன்று என்று வழக்கறிஞர் சட்டம் சொல்கிறது. ஆனால் வந்து உட்கார வேண்டும் என்று வக்கீலுக்கு அது சொல்லவில்லை.

கட்டாயம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. 1888-ம் ஆண்டில் சென்னை வக்கீல்கள் மயிலாப்பூரில் சனிக்கிழமைக் கூட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். சட்ட விஷயங்களைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் 1891-ம் ஆண்டில் வெளிவந்த 'மெட்ராஸ் லா ஜர்னல்' பத்திரிகை. யாரும் உத்தரவு போடவில்லை; படிக்க வேண்டும் என்ற ஆசைதான் அவர்களைக் கூட்டியது.

காரைக்கால் சின்ன ஊர். எல்லா வக்கீல்களுக்கும் எல்லோரையும் தெரியும். வாரம் ஒரு மாலை, ஒரு புதுத் தீர்ப்பு, ஒரு பழைய பத்திரம் என்று எடுத்துப் பேசினால் போதாதா? மூத்தவருக்குப் பிரெஞ்சுப் பத்திரம் தெரியும். இளையவருக்குச் செல்போன் சான்றிதழ் தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் குருவாகலாம்.

கட்சிக்காரர் என்ன செய்யலாம்?

சம்மன் வந்தால் அது கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். மறுநாளே வக்கீலைப் பாருங்கள். "எதிர்வழக்குரை கொடுக்கக் கடைசி நாள் எது?" என்று பணிவாகக் கேளுங்கள். வீட்டிலுள்ள பத்திரங்களை, பிரெஞ்சில் இருந்தாலும், எல்லாவற்றையும் காட்டுங்கள். செல்போனில் உள்ள செய்தியை அழிக்காதீர்கள்.

பிரதிவாதி வராமலும் பதில் சொல்லாமலும் இருந்து ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் தேட வேண்டி வரும்.

கேள்வி கேட்டால் நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். "இவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறதே!" என்று அப்போது நினைத்துவிடாதீர்கள்.

புத்தகத்தைப் புரட்டும் வக்கீலிடம்தான் நிலத்தை நம்பி ஒப்படைக்கலாம்!