வீட்டிலேயே பின்னணி இசை! எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

பாடுகிறவர் ஒருவர். பின்னால் வாசிப்பவர்கள் நாற்பது, ஐம்பது பேர். கோடம்பாக்கத்தில் சினிமாப் பாட்டு அப்படித்தான் பதிவாகி வந்தது. ஒரு பக்கம் வயலின்காரர்கள். இன்னொரு பக்கம் தபேலா, டோலக். ஒருவர் தவறினால் போதும். எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும்!

இன்று அந்தக் கூட்டத்தின் வேலையை ஒரு மேஜை நீளமுள்ள கருவி செய்துவிடுகிறது. அதுதான் கீபோர்டு. (நாற்பது பேர் வாசித்த இனிமை அதில் உண்டா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் நாற்பது பேர் உட்கார வீட்டில் இடமும் இல்லை!)

1983-ம் ஆண்டில் அமெரிக்க, ஜப்பானியக் கருவித் தயாரிப்பாளர்கள் ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கீபோர்டோடும், கம்ப்யூட்டரோடும் பேசுவதற்கான ஏற்பாடு அது. அதன் பெயர் ‘மிடி’. தமிழ் சினிமாவுக்கும் அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1986-ல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரின் துணையோடு இசை அமைத்தார். 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தின் பாட்டுகளை ஏ.ஆர். ரகுமான், வீட்டை ஒட்டி அமைத்த தம் சொந்தக் கூடத்திலேயே உருவாக்கினார்.

இப்பொழுது அந்த வசதி நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்கே வந்துவிட்டது.

கட்டை சேரவில்லை!

பின்னணி இசைதான் ஆயத்தமாகவே கிடைக்கிறதே, எதற்குத் தனியாகக் கருவி வாங்க வேண்டும் என்று கேட்கலாம்.

ஒரு பெண் பள்ளி விழாவில் பாடப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் குரலுக்கு ஏற்ற சுருதி ஐந்தரைக் கட்டை. கிடைத்த இசையோ, ஓர் ஆண் பாடகர் பாடிய ஒன்றரைக் கட்டையில் இருக்கிறது. அதோடு சேர்ந்து பாடினால் மேலே போகும்போது குரல் கிழியும். கீழே இறங்கினால் சத்தமே வராது. பாவம், பெண்ணுக்குக் குரல் இல்லை என்று ஊர் சொல்லும். உண்மையில் குரலில் குற்றம் இல்லை. கட்டைதான் சேரவில்லை!

செல்போனிலேயே சுருதியை மாற்றலாம். கொஞ்சம் மாற்றினால் வித்தியாசம் தெரியாது. நிறைய மாற்றினால் தபேலாவின் நாதம் தகர டப்பாவைத் தட்டியது போல் ஆகிவிடும்.

கீபோர்டில் அந்தத் தொல்லை இல்லை. ‘டிரான்ஸ்போஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் சுருதி ஒரு ஸ்தானம் நகரும். ஒன்றரைக் கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்குப் போக ஏழு முறை அழுத்தினால் போதும். புதுச் சுருதியில் கருவி புதிதாகவே ஒலிக்கிறது. தாள வாத்தியங்களின் நாதமும் மாறுவதில்லை.

பெட்டியின் மேல் உள்ள எண்

‘600 ஒலிகள், 200 தாளங்கள்’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பலரும் இதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். ஒரு பாட்டுக்கு எட்டு ஒலி, பத்து ஒலி இருந்தாலே தாராளம். புல்லாங்குழல், வயலின், வீணை, கிடார், தபேலா ஆகியவை நன்றாக இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்தால் போதும். யமஹா, காசியோ கம்பெனிகள் இந்திய வாத்தியங்களும் இந்தியத் தாளங்களும் சேர்ந்த கருவிகளை இந்த நாட்டுக்கென்றே விற்கின்றன.

கடையில் பார்க்கும்போது எல்லாக் கீபோர்டும் ஒன்று போலத்தான் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. சில கருவிகளில் பியானோ ஒலிதான் முக்கியம், தாளம் வராது. சிலவற்றில் சொந்தமாகச் சத்தமே கிடையாது! கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் ஒலிக்கும். வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இருந்து, அதில் இசை அமைக்கத் தெரிந்த பிள்ளையும் இருந்தால் இந்த ஊமைக் கீபோர்டே சிக்கனம். இல்லாவிட்டால் ‘அரேஞ்சர்’ என்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அரேஞ்சரில் இடது கையால் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் தாளம், பேஸ், கிடார் எல்லாம் தாமே வாசிக்கும். வலது கையால் பாட்டின் மெட்டை வாசிக்கலாம். வேலை சுலபம். ஆனால் எல்லாவற்றையும் கருவியிடமே விட்டுவிட்டால், பத்துப் பாட்டும் ஒரே பாட்டாகத்தான் கேட்கும். ராகத்தை ஒட்டிய பாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த ராகத்தில் இல்லாத சுரத்தைக் கருவி தானாகவே நுழைத்துவிடும். அப்படிப்பட்ட பாட்டுக்குத் தாளத்தையும் தம்புராவையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நிறுத்திவிடுவது நல்லது.

தாளத்தையும் கவனிக்க வேண்டும். நாலு எண்ணிக்கையும் ஆறு எண்ணிக்கையும் எல்லாக் கருவியிலும் உண்டு. ஏழு எண்ணிக்கை வரும் மிஸ்ர சாபு பல கருவிகளில் கிடையாது. பாடப் போகும் பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

மெல்ல அழுத்தினால் மெல்லிய சத்தம், ஓங்கி அழுத்தினால் பெரிய சத்தம் வருகிறதா? வராவிட்டால் அந்தக் கருவி வேண்டாம். அதில் வாசிக்கும் வயலினுக்கு உயிர் இராது. கமகம் வேண்டுமானால் சுரத்தை வளைக்கும் சிறு சக்கரமும் தேவை. 61 கீகள் இந்த வேலைக்குப் போதும்.

சத்தம் வேறு, குறிப்பு வேறு

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வாசித்த இசையை வெளியே எடுப்பது எப்படி?

பெரும்பாலான கருவிகளில் பதிவு செய்யும் வசதி உண்டு. முதலில் தாளம், அதன் மேல் பேஸ், அதன் மேல் வயலின் என்று அடுக்கடுக்காக ஏற்றலாம். வயலினில் தவறினால் வயலினை மட்டும் திரும்ப வாசிக்கலாம். ஐந்தாறு அடுக்கு இருந்தால் நல்லது. ஒரே சமயத்தில் 64 சுரங்களாவது ஒலிக்கக்கூடிய கருவியாகவும் இருக்க வேண்டும். குறைந்தால், அடுக்கு ஏற ஏறச் சில சுரங்கள் பாதியில் அறுந்துபோகும்.

ஆனால் இப்படிப் பதிவாவது சத்தம் அல்ல. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்புதான். பாட்டு வாத்தியார் நோட்டில் சுரம் எழுதித் தருவது போல! நோட்டு பாடாது. அதைப் பார்த்து ஒருவர் பாட வேண்டும். அதே போல் இந்தக் குறிப்பை வேறொரு கருவியில் போட்டால், அந்தக் கருவியின் ஒலியில்தான் கேட்கும்.

யூ.எஸ்.பி. ஒயரிலும் இதே கதைதான். சில கருவிகளில் அந்த ஒயர் வழியாகக் குறிப்பு மட்டுமே போகும். சிலவற்றில் சத்தமும் போகும். கடைக்காரரிடம், “இந்த ஒயரில் சத்தம் போகுமா?” என்று நேராகவே கேட்க வேண்டும். பென் டிரைவில் சத்தமாகவே பதிந்து தரும் கருவிகளும் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் வீட்டு உபயோகத்துக்கு அதுவே மேல்.

அந்த வசதி இல்லாவிட்டால், ஹெட்போன் மாட்டும் துளையிலிருந்து ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் பதியலாம். கீபோர்டுக்கு எதிரே செல்போனை வைத்துப் பதிவது மட்டும் வேண்டாம். மின்விசிறிச் சத்தமும் தெருவில் போகும் வண்டிச் சத்தமும் பாட்டில் சேர்ந்துகொள்ளும்.

கடைக்குப் பாடுகிறவரையும் அழைத்துப் போங்கள். சொந்த ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள். பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் எந்தக் கருவியும் பிரமாதமாகத்தான் இருக்கும்! ஒரு நிமிஷ இசையைப் பதிந்து, அதோடு சேர்த்துப் பாடவும் சொல்லுங்கள்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கீயையும் மெல்ல ஒரு முறை, ஓங்கி ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் சில கீகள் ஊமையாகும். சில திடீரென்று அலறும். அடாப்டர் அந்தக் கருவிக்கு உரியதுதானா என்றும் பார்க்க வேண்டும். வோல்ட் அளவு மாறினாலோ, கூட்டல் கழித்தல் முனை மாறினாலோ, மின்சாரம் கொடுத்த மறுகணமே கருவி கெட்டுப்போகலாம்.