ஒரு மாத்திரைக்குப் பதில் 38½: கம்ப்யூட்டர் எச்சரித்தும் தப்பு நடந்தது எப்படி?

ஒரு மாத்திரை போட வேண்டிய 16 வயதுப் பையனுக்கு 38½ மாத்திரை கொடுத்துவிட்டார்கள். நடந்தது ஏதோ வசதியில்லாத ஊரில் இல்லை. 2013-ல், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில். மருந்துச்சீட்டு முதல் பொட்டலம் வரை எல்லாமே கம்ப்யூட்டர். அதுவும் சும்மா இருக்கவில்லை, ‘டோஸ் அதிகம்’ என்று எச்சரித்தது. அப்புறம் எப்படி?

மருந்து, செப்ட்ரா என்ற ஆன்டிபயாடிக். டாக்டர் 160 மில்லிகிராம் என்று நினைத்து 160 என டைப் செய்தார். திரையிலோ ‘ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று இருந்தது. பையனின் எடை 38.6 கிலோ. கம்ப்யூட்டர் இரண்டையும் பெருக்கி 6,176 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டது. டாக்டருக்கு எச்சரிக்கை வந்தது, தாண்டிப் போனார். மருந்தாளுநருக்கும் வந்தது, அவரும் அப்படியே. ரோபோ பொட்டலம் கட்டியது. நர்ஸுக்குச் சந்தேகம்தான், ஆனால் பார்கோடு ‘சரி’ என்றது. பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. கொஞ்சம் கூடினாலும் அதே பெட்டி, 38 மடங்கு கூடினாலும் அதே பெட்டி. நாள் முழுக்க இப்படி வந்தால் யாருக்கும் கை தானாக ‘ஓகே’யைத் தட்டும். ‘அலர்ட் ஃபட்டீக்’ என்பது இதுதான்: எச்சரிக்கை கேட்டுக் கேட்டுச் சலித்துப்போவது.

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர் பக்கம் வந்தால் பிரச்சினை தலைகீழ். அங்கே எச்சரிக்கை அதிகம். இங்கே எச்சரிக்க ஆளே இருக்காது. பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அது 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே வருகிறது. கால் வீக்கத்துக்குத் திருவாரூர் தனியார் கிளினிக்கில் நீர் பிரியும் மாத்திரை. நடவு முடிந்து முட்டி வலித்தால், மெடிக்கல் ஷாப்பில் “ஒரு வலி மாத்திரை குடுங்க தம்பி” என்று டைக்ளோஃபெனாக். இந்த மூன்றும் சேர்ந்தால், அதுவும் வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருந்தால், சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். மூன்றையும் ஒரே திரையில் ஏற்றியிருந்தால் சாதாரண சாஃப்ட்வேர்கூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மூன்றும் மூன்று இடத்தில் வாங்கியவை. மூன்றாவதற்குச் சீட்டே கிடையாது.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஊரில் அப்பா, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பெயர் தெரிகிற மாதிரி ஒரே போட்டோவாக எடுத்து அவர்கள் போனில் வைத்துவிடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், கடையில் வலி மாத்திரை கேட்கும்போதும், முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரைப் பார்த்த பிறகு, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகாரும் செய்யலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது.