தற்காப்புரிமை யாருக்கு?

குற்றம் எது, அதற்குத் தண்டனை எவ்வளவு என்று வகுப்பதோடு கிரிமினல் சட்டத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. குற்றம்போலத் தோன்றியும் குற்றமாகாதவை எவை என்பதையும் அது சொல்லியாக வேண்டும். 1860-ம் வருஷத்திய இந்தியன் பீனல் கோடு, 76 முதல் 106 வரையிலுள்ள செக்‌ஷன்களில் இப்பொது விலக்குகளை எடுத்துக் கூறிற்று. ஏழு வயது நிறையாத குழந்தையின் செய்கை, சித்த சுவாதீனமற்றவனின் செய்கை, எதிர்பாராது நேர்ந்த விபத்து ஆகியவை அவற்றில் அடங்கும். கடைசிப் பதினொரு செக்‌ஷன்களும் தற்காப்புரிமையைப் பற்றியவை.

2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதை அமலுக்கு வந்திருக்கிறது. அதில் தற்காப்புரிமை 34 முதல் 44 வரையுள்ள செக்‌ஷன்களில் காணப்படுகிறது. எண்கள் மாறின; உரிமையின் சாரம் மாறவில்லை.

மெக்காலேயின் சட்டக் கமிஷன் 1837-ல் நகல் தயாரித்த சட்டம் அது. அன்னியர் இயற்றியதேயாயினும், இவ்வொரு விஷயத்தில் அது பிரஜைக்குத் தாராளமாகவே நடந்துகொண்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்க ஒருவன் பலாத்காரத்தைப் பிரயோகிக்கலாம். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சத்தக்க நியாயமான காரணம் இருந்தால், தாக்க வந்தவனுக்கு மரணமே நேரினும் அது குற்றமாகாது. எல்லைகளும் உண்டு. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை இல்லை. எதிரி இவ்வாதத்தைத் தானே கிளப்பாவிடினும், சாட்சியத்திலிருந்து அது வெளிப்படுமாயின் கோர்ட்டு அதைக் கவனிக்கலாம் என்று 1967-ல் முன்ஷி ராம் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இங்கு ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. விலக்கைக் கோருகிறவனே அதற்கான சந்தர்ப்பம் இருந்ததைக் காட்ட வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 105-வது செக்‌ஷன் இப்பொறுப்பை எதிரியின் மீதே சுமத்தியது. புதிய சாட்சியச் சட்டத்தின் 108-வது செக்‌ஷனும் அதையே சொல்கிறது. சந்தேகத்துக்கே இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; நடந்திருக்கக் கூடியது எது என்ற அளவில் காட்டினால் போதும். ஆனால் காட்ட வேண்டிய இடம் நியாயஸ்தலம்.

நள்ளிரவில் கன்னம் வைத்துப் புகுந்த கொள்ளைக்காரனை ஒரு குடியானவன் அடித்துக் கொன்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கைதாவான், ஜாமீனுக்கு அலைவான், ஸெஷன்ஸ் கோர்ட்டில் நின்று தன் தற்காப்பை எடுத்துச் சொல்வான். ஓர் உயிர் போயிருக்கையில் விசாரணை நடப்பது முறைதான். அதை நாம் குறை கூறவில்லை. அதே உரிமையைப் போலீஸார் கோரும்போது நடப்பது என்ன? "அவன் சுட்டான், தற்காப்புக்காக நாங்களும் சுட்டோம்" என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படுகிறது. இறந்தவன் மீதே கொலை முயற்சி வழக்குப் பதிவாகிறது. அவன் இறந்துவிட்டான் என்ற காரணத்தால் அது முடிக்கப்படுகிறது. சுட்டவர் கூண்டில் ஏறாமலே தற்காப்பு ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது!

இவ்விரட்டை முறைக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. தேசிய மனித உரிமைக் கமிஷனின் தலைவராயிருந்த நீதிபதி வெங்கடாசலய்யா, பிறர் உயிரைப் பறிக்கும் விசேஷ உரிமை எதையும் சட்டம் போலீஸாருக்கு வழங்கவில்லையென்று 1997-லேயே ராஜ்ய முதல் மந்திரிகளுக்கு எழுதினார். மோதல் சாவு ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், தனிப்பட்ட புலன் விசாரணை நடக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. மணிப்பூர் வழக்கில், கலவரப் பிரதேசத்திலும் அளவு மீறிய பலாத்காரத்துக்கு இடமில்லையென்று 2016-ல் அது கூறிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் 2019 டிசம்பர் 6-ந் தேதி ஹைதராபாத் அருகே, பெண்ணொருத்தியைக் கற்பழித்துக் கொன்றதாகப் பிடிபட்ட நால்வர் போலீஸ் காவலில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயுதங்களைப் பறித்து எங்களைச் சுட்டார்கள் என்றனர் போலீஸார். ஜனங்கள் அவர்கள் மீது மலர் தூவினர். சுப்ரீம் கோர்ட்டு நியமித்த சிர்பூர்கர் கமிஷனோ, கொல்லும் எண்ணத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்று கண்டது. நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிறையாதவர்கள் என்றும் கூறிற்று. இவ்வறிக்கை 2022-ல் வெளியாயிற்று. அப்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நினைத்து நெஞ்சம் கொதிப்பது இயல்பே. ஆனால் அக்கொடுமையைச் செய்தவர் இவர்கள்தாம் என்று எந்த நியாயாதிபதி தீர்ப்பளித்தார்?

மேலதிகாரியின் உத்தரவு என்ற வாதமும் நிற்காது. உத்தரவின்படி கூட்டத்தைச் சுடும் போர்வீரன் குற்றவாளியல்லன் என்று சட்டம் ஓர் உதாரணம் தருவது உண்மையே. ஆனால் அது "சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க" என்றொரு நிபந்தனையையும் சேர்த்திருக்கிறது. சட்ட விரோதமான உத்தரவு யாருக்கும் கவசமாகாது.

1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில் டயர் 1,650 குண்டுகளைச் சுடச் செய்தான். அவன் எந்தக் கிரிமினல் கோர்ட்டிலும் நிற்கவில்லை. அதே வருஷத்தில் அன்னிய சர்க்கார் ஒரு காப்புச் சட்டத்தை நிறைவேற்றித் தன் உத்தியோகஸ்தர்களைப் பாதுகாத்துக்கொண்டது. அந்த அநீதியைக் கண்டு தேசமே கொதித்தெழுந்தது. சுட்டவர் அன்னியராயின் விசாரணை வேண்டும், நம்மவராயின் வேண்டியதில்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

ஆயுதமேந்திய கொடியவர் முன் போலீஸார் கைகட்டி நிற்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. தற்காப்புரிமை அவர்களுக்கும் உண்டு. குடியானவனுக்குள்ள அதே அளவில், அதே நிபந்தனைகளுடன் உண்டு. அதை நியாயஸ்தலத்தில் அவர்கள் நிலைநாட்டட்டும். உண்மையாகவே உயிருக்கு அஞ்சிச் சுட்டவருக்கு விசாரணையால் நஷ்டமில்லை. அவர் பெயர் துலங்கும். பொது வாழ்வில் ஈடுபட்டோர் இனியொரு மோதல் செய்தி வரும்போது மலர்க்கூடையைத் தேடாமல், வழக்குப் பதிவாயிற்றா, யார் மீது பதிவாயிற்று, யார் புலன் விசாரிக்கிறார் என்று கேட்க வேண்டும். அக்கேள்வியை விடாமல் கேட்பதே இப்போது நம் கடமை.