எதிர்ப்புச் சக்தி குன்றியோருக்கு ஃப்ளூ ஊசி எதற்கு?

அடிக்கடி நிமோனியா கண்டு அவதியுற்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய ரத்தத்தை, அமெரிக்காவில் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையைச் சேர்ந்த கர்னல் ஆக்டன் புரூட்டன் மின்சாரத்தின் உதவியால் புரதம் புரதமாகப் பிரித்துப் பார்த்தபோது, காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கக் கண்டார். எதிர்ப்பொருள்கள் உறைவது அந்தப் பகுதியில்தான். தடுப்பூசிகள் போட்டுப் பார்த்தும் சிறுவனின் தேகம் எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதந்தோறும் செலுத்திய பிறகே அவன் தேறினான். இந்த விவரத்தைப் புரூட்டன் 1952-இல் வெளியிட்டார்.

இத்தகைய பிறவிக் குறையுடையவருக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டு என்ன பிரயோஜனம் என்று உற்றார் கேட்பது நியாயமே. ஊசியின் பலனை வைத்தியர்கள் அளக்கும் முறையைக் கவனித்தால் விடை புலப்படும். ஃப்ளூ வைரஸுக்குச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும் சுபாவம் உண்டு. ஒருவருடைய சீரத்தை நாற்பது மடங்கு நீர்க்கச் செய்த பின்னும் அது அந்தப் பிணைப்பைத் தடுக்குமானால், சுகதேகிகளிடம் நோய் காணும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது நெடுநாளைய கணக்கு. ஆனால் இந்தக் கணக்கில் வருவது எதிர்ப்பொருள் மட்டுமே. கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கும் டி அணுக்கள் இதில் சேர்வதில்லை. எதிர்ப்பொருளே உண்டாகாத சிலரிடத்தும் அவை ஊசிக்குப் பின் விழித்தெழுவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அவை கிருமியை வாசலிலேயே தடுக்க வல்லவை அல்லவெனினும், நோயின் உக்கிரத்தைத் தணிக்கக் கூடும் என்பதால், இவர்களுக்கு ஊசி வீண் என்று கைவிடுவது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

காமா குளோபுலின் ஏற்றிக்கொள்வோருக்கும் ஊசி வேண்டும். ஆயிரக்கணக்கானோரின் தானத்திலிருந்து அது தயாராகி வருவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடுவதால், புதிதாய் உருமாறிய வைரஸுக்கான எதிர்ப்பொருள் அதில் போதிய அளவு இராமற் போகலாம்.

மருந்துகளால் சக்தி குன்றியோருக்குக் காலம் அறிந்து போடுவது விசேஷம். ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்து, எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களை அழித்துவிடுவதால், அதன் பின் சுமார் ஆறு மாதம் எதிர்ப்பொருள் மிகச் சொற்பமாகவே தோன்றும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் உண்பவர், ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அதை நிறுத்தினால் பலன் கூடுகிறது. எனினும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து இவர்களுக்கு ஆகாது. செயலிழந்த கிருமியைக் கொண்ட ஊசியையோ, நோயாளி மட்டுமன்றி, அவரோடு ஒரே வீட்டிலிருந்து சோறு பரிமாறி, இருமும்போது முதுகு தடவிவிடும் ஒவ்வொருவரும் வருஷந்தோறும் போட்டுக்கொள்ள வேண்டும்.