நாலு தாளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

பள்ளிக்கூட நாளில் நீங்களும் படம் போட்டிருப்பீர்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம். அப்புறம் ஏன் நிறுத்திவிட்டீர்கள்? "எனக்கு வரைய வராது" என்கிறீர்களா? வாசலில் பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தைப் பிசகாமல் இழுத்து முடிக்கிற கைக்கு வரைய வராதென்றால் யார் நம்புவார்கள்!

குற்றம் கையில் இல்லை, நோட்டில் இருக்கிறது. ஆசை ஆசையாக வாங்கி வந்த விலை உயர்ந்த டிராயிங் நோட்டு, முதல் பக்கத்தைப் பாழாக்கிவிடக் கூடாதே என்ற பயத்தில் பீரோவில் பட்டுப் புடவைக்குத் துணையாகத் தூங்குகிறது. நாமே தைத்த குட்டிப் புத்தகத்தில் இந்தப் பயம் கிடையாது. ஒரு பக்கம் கெட்டால் அடுத்த பக்கம். புத்தகமே தீர்ந்தால் இன்னொரு புத்தகம்!

சின்னதுதானே என்று இளக்காரம் வேண்டாம். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1813, 1814 ஆகிய வருஷங்களில் வைத்திருந்த சிறு சித்திரப் புத்தகங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில் இருக்கின்றன. ஒரு சாண் அகலம்கூட இல்லை. சொந்த ஊரைச் சுற்றி நடக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் பென்சிலால் அவற்றில் போட்டு வைத்தார். படகு கட்டும் துறையை 1814-இல் அப்படிக் குறித்துக்கொண்டது பின்னால் பெரிய ஓவியமாயிற்று.

இனி வேலையைத் தொடங்கலாம். ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் நாலு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டினால் எட்டுத் துண்டு. எட்டையும் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். 32 பக்கம் தயார்! அட்டைக்கு வீட்டில் வந்து குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் கெட்டியான ஒன்றைத் தாளின் அளவுக்குக் கத்தரித்து மேலே மடித்துக் கொள்ளுங்கள்.

மடிப்பின் மேல் ஊசியால் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. தடித்த நூலை உள்ளிருந்து நடுத் துளை வழியே வெளியே இழுங்கள். நுனியை உள்ளேயே கொஞ்சம் விட்டு வையுங்கள். மேல் துளையில் உள்ளே நுழைந்து, நடுவைத் தாண்டி, கீழ்த் துளையில் வெளியே வந்து, மறுபடி நடுவில் உள்ளே நுழையுங்கள். நீள நூலுக்கு இரு பக்கமும் நுனிகள் நிற்கும்படி பார்த்து முடிச்சுப் போடுங்கள். அவ்வளவுதான்.

முழுப் பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைத் தைத்து ரஃப் நோட்டு ஆக்கும் வீடுகளுக்கு இது புது வித்தையா என்ன? வர்ணம் தீட்ட ஆசையிருந்தால் மட்டும் தடித்த தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும்.

எதை வரைவது? டபரா செட், பாதி நறுக்கிய பாகற்காய், வாசலில் கிடக்கும் செருப்புகள், தூங்கும் குழந்தையின் கை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் முடிகிற அளவு போதும். ரப்பரை எடுக்காதீர்கள். மூலையில் தேதி போடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. நாள் முழுவதும் மற்றவர்களுக்காகவே ஓடும் கைக்கு, மார்க் போட ஆளில்லாத ஒரு பக்கமாவது வேண்டாமா? புத்தகம் நிரம்பியபின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

படிக்கும்போதே, வீட்டில் எந்தப் பத்திரிகை சும்மா கிடக்கிறது என்று ஞாபகம் வந்திருக்குமே? பிள்ளையார் படம் போட்டதாக இருந்தால், கத்தரிக்கோலை எடுக்குமுன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!