காரை விட்டு இறங்கிய மாணவி எங்கே? 19 நிமிட மர்மம்!

பனி மூடிய மலைச்சாலை. வளைவில் மோதி நின்றது ஒரு கறுப்பு கார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கதவுகள் பூட்டிக் கிடந்தன. காரை ஓட்டி வந்த பெண்ணை மட்டும் காணோம்!

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், 2004ம் ஆண்டு பிப்ரவரி 9ந் தேதி இரவு நடந்தது இது. மறைந்தவள் பெயர் மவுரா மர்ரி. வயது 21. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நர்சிங் மாணவி. இன்று வரை துப்பு துலங்கவில்லை.

இல்லாத சாவு

குடும்பத்தில் ஒரு சாவு, ஒரு வாரம் வர முடியாது என்று அன்று ஆசிரியர்களுக்கு அவள் மின்னஞ்சல் அனுப்பினாள். அப்படிச் சாவு எதுவும் நிகழவில்லை. பாங்கி எந்திரத்தில் 280 டாலர் எடுத்தாள். மது வாங்கினாள். தனியாகவே கிளம்பினாள். முந்தின நாள் அதிகாலையில்தான் தந்தையின் காரை மோதிச் சேதப்படுத்தி இருந்தாள்.

200 கிலோ மீட்டருக்கும் மேல் போன பிறகு ஹேவரில் என்ற ஊர் அருகே விபத்து. இரவு 7.27 மணிக்கு அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போன் செய்தனர். அவ்வழியே வந்த பள்ளி பஸ் டிரைவர் ஒருவர் உதவட்டுமா என்று கேட்டார். போலீசைக் கூப்பிட வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். அவர் வீட்டுக்குப் போய் போலீசுக்குத் தகவல் சொன்னார். 7.46க்கு போலீஸ் வந்தபோது அவள் இல்லை.

மூன்று யூகங்கள்

வேறு வண்டியில் ஏற்றிச் சென்று யாரோ கொன்றுவிட்டார்களா? மோப்ப நாய் சுமார் 100 கெஜ தூரம் ஓடி நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. இந்த யூகத்துக்கு அது ஒன்றே பலம்.

காட்டுக்குள் நடந்து குளிரில் மாண்டாளா? பனியில் காலடித் தடம் கிடைக்கவில்லை.

வேறு ஊரில் புது வாழ்வு தொடங்கினாளா? அவளது பாங்கி அட்டையும் செல்போனும் அதன்பின் பயன்படுத்தப்படவே இல்லை.

20 ஆண்டுக்கு மேல் பேசியும் யூகம் யூகமாகவே நிற்கிறது. 2022ல் எப்.பி.ஐ.யும் நாடு முழுவதற்கும் அறிவிப்பு கொடுத்தது. பலன் இல்லை. அந்த வட்டாரத்தில் பெரிய அளவில் தேடுதல் தொடங்கியது பிப்ரவரி 11ந் தேதிதான். அதற்குள் இரண்டு இரவுகள் போய்விட்டன.

எல்லையில் நடந்தால்?

அத்திபெலேயைத் தாண்டினால் ஓசூர். இந்தப் பக்கம் கர்நாடகப் போலீஸ்; அந்தப் பக்கம் தமிழகப் போலீஸ். ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று வேலைக்குப் போய் வரும் பெண்கள் ஏராளம். இந்தச் சாலையில் இரவில் ஒரு வண்டி மோதி, அதில் வந்த பெண்ணைக் காணவில்லை என்றால் என்ன நடக்கும்?

"யாரோடு போனாள்?" இதுதான் நம் ஊரில் எழும் முதல் கேள்வி. மானத்துக்கு அஞ்சிப் பெற்றோர் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்ற பேச்சும் கிளம்பும். நாள் கடக்கக் கடக்க மோப்ப நாய்க்கு வாசனை கிடைப்பதும், சாலைக் காமிராவில் படம் அழியாமல் இருப்பதும் கடினமாகும்.

எல்லை என்று சொல்லி இனித் தட்டிக் கழிக்க முடியாது. 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அதைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது போலீசின் பொறுப்பு. அவசரத்துக்கு இரு மாநிலத்திலும் 112க்கு போன் செய்யலாம்.

வழியில் விபத்தைப் பார்ப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தனியாக நிற்கும் பெண் உதவி வேண்டாம் என்று சொன்னாலும், சற்றுத் தள்ளியாவது நின்று போலீஸ் வரும் வரை பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் வந்து நிற்கும் வண்டியின் எண்ணைக் குறித்து வையுங்கள். அன்று அந்த 19 நிமிடத்தில் நடந்ததை அப்படிப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. மவுராவின் குடும்பத்தார் இன்னமும் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.